மழைக்காடு தானாக எரிவதில்லை

அமேசானிலும் இந்தோனேசியாவிலும் ஆண்டுதோறும் காடு எரிவதற்குக் காரணம் வறட்சியா, காட்டை எரித்துப் பயிரிடும் ஏழைகளா, பொருளாதாரத்துக்கும் சமூக நிலைமைகளுக்கும் இதில் எவ்வளவு பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். செய்திகளிலும் இந்த இரண்டு விடைகள்தான் மாறி மாறி வருகின்றன. ஓராண்டு, பசிபிக் கடல் சூடேறி இந்தப் பகுதிகளில் மழையைக் குறைக்கும் எல் நினோவைக் குறை சொல்வார்கள். மறு ஆண்டு விவசாயியைக் குறை சொல்வார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த இரண்டோடு நின்றுவிட்டால், தீயால் லாபம் அடைகிறவர் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார். இந்தப் பதில் முக்கியமாக அவரைப் பற்றியது.

முதலில் காட்டின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காட்டின் தரைக்கு வெயில் வந்து சேர்வதே அரிது. மேலே மரக்கிளைகள் விதானமாக மூடியிருக்கும். கீழே சருகு எப்போதும் நமுத்துக் கிடக்கும். மின்னல் விழுந்தாலும் கூடவே மழையும் கொட்டிவிடும். மண்ணில் புதைந்த பழைய கரித்துண்டுகளை ஆராய்ந்தவர்கள், இத்தகைய காடுகளில் ஒரு பெருந்தீக்கும் அடுத்ததற்கும் இடையே பல நூறு ஆண்டுகள் ஓடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் அங்குள்ள மரங்களுக்குத் தீயைத் தாங்கும் தடித்த பட்டை வாய்க்கவில்லை. கணுக்கால் உயரத்துக்கு ஊர்ந்து வரும் சருகுத்தீகூட அவற்றின் அடியைச் சுட்டுக் கொன்றுவிடும். செத்த மரங்கள் ஓரிரு ஆண்டுகளில் சாயும், விதானம் திறக்கும், உள்ளே காற்றும் வெயிலும் புகும், புல் முளைக்கும். இரண்டாவது தீ முதல் தீயைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

இப்படிப்பட்ட காடு எரிய வேண்டுமென்றால் யாராவது அதை உலர்த்த வேண்டும், யாராவது கொளுத்தவும் வேண்டும். உலர்த்துவதில் ஒரு பகுதியைத்தான் வறட்சி செய்கிறது. மற்றதெல்லாம் மனிதர் செய்வது, அதுவும் பெரும்பாலும் கணக்குப் பார்த்துச் செய்வது.

உலர்த்துவதை மரவெட்டிலிருந்து தொடங்கலாம். போர்னியோ தீவில் இந்தோனேசியாவுக்கு உரிய கிழக்குக் கலிமந்தானில் 1982-83 வறட்சியின்போது 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. பிறகு ஆய்வு செய்தபோது, வெட்டுப்படாத காட்டைவிட மரம் எடுக்கப்பட்ட காடே மிக மோசமாக எரிந்திருந்தது தெரியவந்தது. 1967-ஆம் ஆண்டின் வனச் சட்டத்துக்குப் பிறகு அதிபர் சுகார்த்தோவின் அரசு காட்டைப் பெரும் பெரும் துண்டுகளாக மர நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. விலைபோகும் பெருமரங்களை அவை எடுத்துக்கொண்டன. கிளையும் நுனியும் சிதறிய சிம்பும் தரையிலேயே கிடந்தன. விதானத்தில் விழுந்த ஓட்டைகள் வழியே வெயில் இறங்கி அவற்றைச் சுள்ளியாக்கியது. லாரிக்காக வெட்டிய பாதையில் குடியேறிகள் வந்தார்கள், அவர்களோடு தீப்பெட்டியும் வந்தது. எல் நினோ வருவதற்கு முன்பே அடுப்பு கூட்டி வைக்கப்பட்டுவிட்டது.

கால்வாய்கள் இதைவிடக் கொடியவை. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக் காடுகளின் அடியில் பீட் என்ற மண் இருக்கிறது. வேரும் இலையும் கட்டையும் முழுமையாக மக்காமல், நீரில் ஊறியபடியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. சில இடங்களில் 10 மீட்டர் ஆழத்துக்கும் மேல் இருக்கும். நீர் நிற்கும்வரை அதில் தீ பிடிக்காது. நீரை வடித்துவிட்டால் முழுவதும் விறகுதான். 1995-இல் சுகார்த்தோ ஓர் ஆணை பிறப்பித்தார்: மத்தியக் கலிமந்தானில் 10 லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை நெல்வயலாக்க வேண்டும். 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. காடு வளர்ப்பதற்கென்று மர நிறுவனங்களிடம் வசூலித்து வைத்திருந்த நிதியே அதற்குச் செலவானது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும். அந்த அமில மண்ணில் நெல் வரவில்லை. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது; வடிந்து காய்ந்த நிலம் மட்டும் அப்படியே கிடந்தது.

1997-இல் அடுத்த பெரிய எல் நினோ வந்தது. 1997-98-இல் இந்தோனேசியா முழுவதிலும் சுமார் 97 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. பீட் நிலத்தில் தீ மண்ணுக்குள் புகுந்து புகைந்துகொண்டே போகும்; மேலே தண்ணீர் ஊற்றி அதை அணைக்க முடியாது, பருவமழை வந்து நிலம் மறுபடி ஊறினால்தான் அடங்கும். 1997-இல் அந்த நாட்டின் பீட்டிலிருந்தும் காட்டிலிருந்தும் வெளியேறிய கரிமம், உலகம் ஓராண்டில் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்து வெளியிடுவதில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று 2002-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டில் வறட்சி கடுமையாக இருந்தது உண்மை. ஆனால் பீட் நிலத்திலிருந்து நீரை வடித்தது வறட்சி இல்லை.

இனி, கொளுத்துவது யார் என்ற கேள்வி.

காட்டை நிலமாக்க ஆள் வைத்து வெட்டலாம், புல்டோசர் வைத்துப் பெயர்க்கலாம், தீ வைக்கலாம். முதல் இரண்டுக்கும் கூலி வேண்டும், டீசல் வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தீக்கு இவை எதுவும் தேவையில்லை. கூடவே சாம்பலை உரமாகத் தருகிறது, மண்ணின் அமிலத்தைக் குறைக்கிறது, களையை ஒழிக்கிறது. கையில் முதல் இல்லாத குடும்பம் தீயை நாடுவதில் வியப்பில்லை. நிறைய முதல் வைத்திருப்பவரும் அதையே நாடுவதுதான் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். இந்தோனேசியாவைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபோர் என்ற வன ஆராய்ச்சி மையத்தினர் சுமத்ராவில் நிலச் சந்தையின் உள்ளே போய் விலை விசாரித்து 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரம் வெட்டிச் சாய்த்த நிலம் ஒரு ஹெக்டேர் சுமார் 86 லட்சம் இந்தோனேசிய ருப்பியாவுக்குப் போனது. அதையே எரித்துவிட்டால் சுமார் 1 கோடியே 12 லட்சம். எண்ணெய்ப்பனை நட்டு மூன்று ஆண்டு வளர்த்துக் காய்ப்புக்குக் கொண்டுவந்தால் 4 கோடி.

நான் படித்தவற்றில் காட்டுத்தீயை இவ்வளவு தெளிவாக விளக்கியது வேறெதுவும் இல்லை. வெட்டிய நிலத்தின் விலையை ஒரு தீக்குச்சி ஏறக்குறைய 30 சதவீதம் உயர்த்துகிறது. அப்படியானால் தீ வைப்பது அறியாமையும் இல்லை, கவனக்குறைவும் இல்லை; நிலத்துக்கு மதிப்புக் கூட்டும் ஒரு கட்டம். அந்தச் சங்கிலியில் நிலத்தைக் கைகாட்டிவிடும் உள்ளூர்ப் பெரிய மனிதர் இருக்கிறார், காகிதம் தயாரித்துத் தருகிறவர் இருக்கிறார், தரகர் இருக்கிறார், நகரத்திலிருந்து பணம் போடுகிறவர் இருக்கிறார், வெட்டவும் கொளுத்தவும் கூலிக்கு வருகிறவர் இருக்கிறார். லாபத்தில் பெரும்பங்கு உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவர்களுக்குப் போகிறது. போலீஸ் வரும்போது பிடிபடுகிறவர் கூலிக்காரர்.

தீ வேலைக்கருவி மட்டுமில்லை, ஆயுதமும்கூட. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தலைமுறைகளாகக் கிராமம் உழுதுவந்த நிலத்தின் மேல், தலைநகரில் கையெழுத்தான குத்தகை வந்து விழுந்தது. நீதிமன்றம் தொலைவில் இருந்தது, பத்திரம் கையில் இல்லை. கிராமத்தாரை விரட்ட அவர்களின் ரப்பர்த் தோட்டத்தில் தீ விழுந்ததும் உண்டு. பதிலுக்கு நிறுவனத்தின் தோட்டத்தில் கிராமத்தார் தீ வைத்ததும் உண்டு. 1997 தீக்குப் பிறகு நடந்த கள ஆய்வுகளில் இது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. வழிவழியாக வந்த காடு அரசுக் காட்டில் சேராது என்று இந்தோனேசிய அரசியல் சாசன நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வரைபடமாகி, வரைபடம் உரிமைச் சான்றாகி ஊருக்கு வந்து சேர்வதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. நிலச் சந்தை அதுவரை காத்திருப்பதில்லை.

பிரேசிலில் தீ செய்யும் வேலை சற்று வேறு. அங்கே அது பட்டா எழுதுகிறது.

அமேசானில் எந்தப் பயனுக்கும் ஒதுக்கப்படாத பொதுக் காடு மட்டும் 5 கோடி ஹெக்டேருக்கும் மேல் இருக்கிறது. காப்புக் காடாகவும் அறிவிக்கப்படவில்லை, பழங்குடிகளுக்கும் கொடுக்கப்படவில்லை, தனியாருக்கும் உரிமையில்லை. அதை வளைத்துக்கொள்ளும் தொழிலுக்கு அங்கே கிரிலாஜெம் என்று பெயர். கிரிலோ என்றால் சிள்வண்டு. போலிப் பத்திரத்தைச் சிள்வண்டுகளோடு ஒரு பெட்டியில் போட்டு மூடிவைத்தால், அவை கடித்தும் கழித்தும் தாளைப் பழையதுபோல் ஆக்கிவிடும், அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். இப்போது சிள்வண்டு தேவையில்லை. 2012 வனச் சட்டப்படி நில உடைமையாளர் தம் நிலத்தின் எல்லையைத் தாமே இணையத்தில் பதிவு செய்யும் ஓர் ஊரக நிலப் பதிவேடு இருக்கிறது. சுற்றுச்சூழல் கண்காணிப்புக்காக உருவான அந்தப் பதிவேட்டிலேயே பொதுக் காட்டின் மீது கட்டம் போட்டு, அதை உரிமைக்கான முதல் சான்றுபோலக் காட்டுகிறார்கள். அடுத்தது நிலத்தை அனுபவிப்பதாக நிரூபிப்பது. மழைக்காலம் முடியும்போது மரங்களைச் சங்கிலி வாளால் சாய்த்து, இரண்டு மூன்று மாதம் காயவிட்டு, ஆகஸ்ட் செப்டம்பரில் கொளுத்தி, புல் விதைத்து, கொஞ்சம் மாடுகளை விட்டுவிட்டால் அது மேய்ச்சல் நிலம். பிறகு ஆக்கிரமிப்பை முறைப்படுத்தும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தச் சட்டமும் வந்துகொண்டேதான் இருக்கிறது: 2009-இல் ஒன்று வந்தது, 2017-இல் அதன் கெடு தேதி நீட்டப்பட்டது. ஒவ்வொரு நீட்டிப்பும் அடுத்த ஆக்கிரமிப்பாளருக்கு, காத்திருந்தால் உனக்கும் கிடைக்கும் என்று செய்தி அனுப்புகிறது.

இந்த நம்பிக்கை எவ்வளவு வெளிப்படையானது என்பதற்கு 2019 ஆகஸ்ட் 10-ஐச் சொல்ல வேண்டும். பாரா மாநிலத்தில் பி.ஆர்.-163 நெடுஞ்சாலை ஓரம் உள்ள நோவோ புரோகிரெசோ நகரின் உள்ளூர்ப் பத்திரிகை, அந்தத் தேதியில் ஒன்றுசேர்ந்து தீ வைக்க அப்பகுதிப் பண்ணையாளர்கள் திட்டமிடுவதாக ஐந்து நாள் முன்னதாகவே செய்தி வெளியிட்டது. தாங்கள் உழைக்க விரும்புவதை அதிபர் பொல்சனாரோவுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சொன்ன நாளில் அங்கே தீப்புள்ளிகள் மளமளவென்று கூடியதை பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பெயின் செயற்கைக்கோள் கண்காணிப்பு பதிவு செய்தது. ‘தீ நாள்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாவோ பாவுலோ நகரம் பிற்பகலிலேயே இருண்டது. மேகத்தோடு காட்டுத்தீயின் புகையும் வந்து கலந்திருந்தது. காடழிப்பு எண்களை வெளியிட்டதற்காக அதிபரோடு மோத நேர்ந்த இன்பெயின் தலைவர் ரிக்கார்டோ கால்வாவ் அதே மாதம் பதவியிழந்தார். அந்த ஆண்டின் வறட்சி தனியே இதையெல்லாம் விளக்காது. தண்டனை வராது என்று தெரிந்ததே பெரிய காரணம்.

காரணம் பொருளாதாரம்தான் என்பதற்கு வலுவான சான்று, தீயும் வெட்டும் குறைந்த ஆண்டுகளில் இருக்கிறது. பிரேசில் அமேசானில் 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012-இல் அது 4,571 ஆகக் குறைந்தது. இடையே வானிலை திருந்திவிடவில்லை. 2005-இலும் 2010-இலும் கடும் வறட்சிகள் வந்தன. மாறியவை வேறு. செயற்கைக்கோள் எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகள் களத்துக்குப் போனார்கள். பொதுக் காட்டின் பெரும் பரப்புகள் காப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று 2006-இல் பெரு வணிகர்கள் உடன்பட்டார்கள். சுற்றுச்சூழல் விதிகளை மதிக்காத பண்ணைக்கு அமேசான் பகுதியில் ஊரகக் கடன் கிடையாது என்று 2008-இல் தேசிய நாணயக் குழு முடிவெடுத்தது. வங்கிக் கடன் நின்றதும் சங்கிலி வாள்கள் அடங்கின. மாட்டிறைச்சியில் மட்டும் ஓட்டை அடைபடவில்லை. கன்று பிறந்து வளர்வது சட்டவிரோதப் பண்ணையில். கடைசிச் சில மாதம் கொழுக்க வைப்பது சுத்தமான ஆவணங்கள் உள்ள பண்ணையில். இறைச்சிக் கூடம் கடைசிப் பண்ணையின் தாளை மட்டும் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறது.

பொலிவியாவிலும் இதே தர்க்கம், இன்னும் நேரடியாக. 1996 நிலச் சட்டம் நிலத்தைப் பொருளாதாரப் பயனுக்குக் கொண்டுவராதவரிடமிருந்து அதைத் திரும்ப எடுக்க இடம் தருகிறது. பெருமுதலாளிகள் நிலத்தைச் சும்மா முடக்கி வைக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதி. ஆனால் நிற்கும் காடு ‘பயன்’ என்று எண்ணப்படாத இடத்தில், அது காட்டை அழிக்கச் சொல்லும் உத்தரவாக மாறிவிடுகிறது. 2015-இல் சிறு உடைமைகளுக்கு 20 ஹெக்டேர் வரை அழிக்க அனுமதி வந்தது. 2019 ஜூலையில் சாண்டா குரூஸ், பேனி மாநிலங்களில் கட்டுப்படுத்திய எரிப்புக்கு ஆணை வந்தது. சீனாவுக்கு மாட்டிறைச்சி ஏற்றுமதியும் அதே ஆண்டு தொடங்கியது. அனுமதியில்லாமல் எரித்தால் அபராதம் ஹெக்டேருக்கு 1 டாலருக்கும் வெகு குறைவு. அந்த ஆண்டு நாட்டின் கிழக்கே உள்ள சிகித்தானியாவின் வறண்ட காடுகள் எரிந்து நாடே கலங்கியது. 2024-இல் அதையும் மிஞ்சி, சுமார் 1 கோடி ஹெக்டேர் எரிந்தது.

இனி ஏழை விவசாயிக்கு வருகிறேன். அவரைப் பற்றிய பேச்சில்தான் அநியாயம் அதிகம்.

காட்டை வெட்டி, எரித்து, இரண்டு மூன்று போகம் எடுத்து, பிறகு நீண்ட காலம் தரிசாக விட்டுக் காடு திரும்பிய பின் மறுபடி அங்கே வருவது மனிதகுலத்தின் மிகப் பழைய உழவு. தமிழில் புனம் என்ற சொல்லே அதற்கு உண்டு. இலங்கைத் தமிழர் சேனை என்பார்கள். 15, 20 ஆண்டு தரிசு விட நிலம் இருந்தவரை காடு மீண்டு வந்தது. குத்தகையும் தோட்டமும் சரணாலயமும் நிலத்தைச் சுருக்கச் சுருக்க, தரிசுக் காலம் நான்கைந்து ஆண்டாகக் குறைந்தது. மரம் வளர்வதற்குள் மறுபடி எரித்தால் புல்தான் வரும். புல் எளிதில் தீப்பிடிக்கும். உழவர் மாறவில்லை, அவரைச் சுற்றி நிலம் குறுகிவிட்டது. போர்னியோவின் தயாக் மக்கள் எரிப்பதற்கு முன் வயலைச் சுற்றிச் சருகை வழித்து இடைவெளி விட்டு, காற்றின் திசை பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி நிறுத்திக்கொண்டு கொளுத்துவார்கள். இந்தோனேசியாவின் 2009 சட்டமும் ஒரு குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை இதை அனுமதிக்கிறது. ஆனால் 2015 பெருந்தீக்குப் பிறகு எங்கே புகை தெரிந்தாலும் போலீசும் ராணுவமும் போய் நின்றன. மேற்குக் கலிமந்தானின் சிந்தாங்கில் வழக்குத் தொடுக்கப்பட்ட ஆறு விவசாயிகள் 2020-இல்தான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். இதற்கு எதிர்ப்புறத்தில், அச்சே மாநிலத்தின் திரிப்பா பீட் காட்டை எரித்ததற்காக 2014-இல் 36,600 கோடி ருப்பியா செலுத்த உத்தரவிடப்பட்ட பாமாயில் நிறுவனம், உச்ச நீதிமன்றம் வரை தோற்ற பிறகும் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. செயற்கைக்கோளுக்கு இரண்டும் ஒரே சிவப்புப் புள்ளிதான். அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு எவர் மேல் வழக்கு என்று தீர்மானிப்பது அதிகாரத்தின் வேலை.

தடையே தீயை வளர்த்த கதைகளும் உண்டு. மடகாஸ்கரில் காடு எரிப்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே, அத்தீவின் பெரும்பகுதியை அப்போது ஆண்ட மெரினா அரசு தடை போட்டது. பிரெஞ்சுக் காலனி அரசு தடையை இறுக்கியது. எரிப்பு நிற்கவில்லை. யார் வைத்தது என்று கண்டுபிடிக்க முடியாத தீ, வாய் திறக்க முடியாதவர்களின் எதிர்ப்பாகவும் ஆனது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் மக்கள் கோடை தொடங்கும் முன்பே, சருகு குறைவாக இருக்கும்போது, சிறு தீ வைத்துத் தரையைச் சுத்தம் செய்வார்கள். தரகு பெங்கி என்பது அதன் பெயர், சருகுத் தீ என்று பொருள். 1974-இல் சரணாலயம் வந்த பிறகு அது தடையானது. பிறகு உண்ணிச்செடி காட்டின் தரையெங்கும் ஆளுயரத்துக்குப் படர்ந்துவிட்டது. இப்போது கோடையில் தீ பிடித்தால் அது சருகோடு நிற்பதில்லை. அது ஆண்டுதோறும் இலையுதிரும் வறண்ட காடு. மழைக்காட்டுக்கு இந்த மருந்து பொருந்தாது. எந்தக் காட்டுக்கு எந்தத் தீ என்று அறிந்தவர்களை வெளியேற்றிவிட்டு விதி எழுதியதுதான் பிழை.

இன்னொரு சுழல் இருக்கிறது, வெளியில் அதிகம் பேசப்படாதது. அமேசான் ஓரத்தில் ஒரு சிறு விவசாயி கோக்கோவோ பழமரமோ நட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அதற்குள் ஏதாவது ஒரு செப்டம்பரில் பக்கத்து மேய்ச்சல் நிலத்தின் தீ எல்லை தாண்டி வந்து எல்லாவற்றையும் கருக்கிவிட்டால், அவர் எந்த வழக்கும் போட முடியாது, எந்தக் காப்பீடும் வராது. எனவே அவர் தீயில் போகாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: மாடு. தீ வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். எரிந்த புல்லும் மழை பெய்தால் மறுபடி தளிர்க்கும். ஆனால் மேய்ச்சல் நிலத்தில் களையெடுக்க மலிவான வழி தீ. இப்போது அவருடைய தீ அடுத்தவரின் பழமரத்தை அச்சுறுத்துகிறது. ஒவ்வொருவரும் அறிவோடு முடிவெடுத்தும் ஊர் முழுவதும் தீயை நம்பியே வாழும் நிலைக்கு வந்துவிடுகிறது. கடனோ காப்பீடோ இயந்திர வாடகைக்கு உதவியோ கொடுக்காமல், எரிக்காதே என்று மட்டும் அவரிடம் சொல்வதில் நேர்மை இல்லை.

லாபம் சிலருக்கு என்றால் நட்டம் யாருக்கு? 2015-இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நாட்டுக்கு நேர்ந்த இழப்பை உலக வங்கி 1,600 கோடி டாலருக்கும் மேல் என்று கணித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு அச்சேயை மீண்டும் கட்டி எழுப்ப ஆன செலவைப் போல இரு மடங்கு. ஐந்து லட்சம் பேருக்கு மூச்சுநோய் வந்ததாகப் பதிவானது. அந்தப் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் சேர்த்துச் சுமார் 1 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறந்திருக்கலாம் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அரசுகள் அந்த எண்ணை மறுத்தன. மத்தியக் கலிமந்தானின் தலைநகர் பாலங்கராயாவில் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. நிலத்தின் விலையேற்றம் விற்பவரின் கணக்கில் வரவாகிறது. குழந்தையின் இருமல் யாருடைய கணக்கிலும் செலவாக வருவதில்லை. மற்ற எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கிடப்பது இந்தக் கணக்குப் பிழைதான் என்பது என் முடிவு.

பருவநிலை மாற்றத்தை நான் ஒதுக்கவில்லை. 2024-இல் வெப்பமண்டலத்தில் 67 லட்சம் ஹெக்டேர் முதுகாடு, அதாவது பெரிதாக வெட்டுப்படாத பழங்காடு, அழிந்தது. அதில் ஏறக்குறைய பாதி தீயால். இத்தகைய கணக்கு எடுக்கத் தொடங்கிய பிறகு தீ முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. முன்பெல்லாம் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பிரேசிலில் அதே காலத்தில் நேரடிக் காடழிப்பு குறைந்துகொண்டிருந்தது, தீயோ பெருகியது. காய்ந்த காடு இப்போது சின்னக் கங்குக்கும் இடம் கொடுக்கிறது. சங்கிலி வாளால் வெட்டினால் செயற்கைக்கோளில் உடனே தெரிந்துவிடுகிறது. காட்டுக்குள் தீயை ஊர்ந்து போகவிட்டுச் சில ஆண்டு காத்திருந்தால் காடு தானே நலிகிறது, விபத்து என்றும் சொல்லிக்கொள்ளலாம். வெப்பம் கூடக் கூட, தீ வைக்கிறவருக்குச் செலவு குறைகிறது. இரண்டு காரணங்களையும் எதிரெதிராக நிறுத்துவது அதனால்தான் தவறு.

என்ன செய்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். கால்வாய்களை அடைத்துப் பீட் நிலத்தை மறுபடி ஊறவைக்க இந்தோனேசியா 2016-இல் தனி நிறுவனம் அமைத்தது. வேலை மெதுவானது, ஆனால் தீயை வேரிலேயே தடுப்பது அதுதான். தீ இல்லாத ஆண்டுக்குக் கிராமத்துக்குப் பரிசு கொடுக்கும் திட்டங்களைச் சில தோட்ட நிறுவனங்கள் நடத்துகின்றன. பரிசை வரவேற்கலாம், நிலத் தகராறு தீராத ஊரில் அதற்குப் பெரிய பலம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. பிரேசில் 2024 ஜூலையில் தீ மேலாண்மைக்கென்று ஒரு தேசியச் சட்டம் கொண்டுவந்தது. பழங்குடிகளின் மரபான எரிப்பு முறைகளை அது அங்கீகரிக்கிறது. பழங்குடி இளைஞர்களைத் தீயணைப்புக் குழுக்களில் சேர்ப்பதும் நடக்கிறது, ஆனால் பெரும்பாலும் சில மாத ஒப்பந்தத்தில். தீ மூண்ட பிறகு விமானத்துக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கை அவர்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளமாகக் கொடுத்தால் தீ மூளும் முன்பே வேலை முடியும்.

என்னைக் கேட்டால் முதலில் எடுக்க வேண்டியது வேறொரு நடவடிக்கை. இத்தாலியில் 2000-இலிருந்து, எரிந்த காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் 15 ஆண்டுகளுக்கு வேறு பயனுக்கு மாற்றக் கூடாது. அர்ஜென்டினா 2020 இறுதியில் எரிந்த இயற்கைக் காட்டுக்கு 60 ஆண்டுத் தடை கொண்டுவந்தது. தீ யார் வைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இதில் இல்லை. எரிந்தது காடு என்றால் அது காடாகவே பதிவேட்டில் இருக்கும். பட்டா கிடையாது, கடன் கிடையாது, அந்த நிலத்து மாட்டுக்குச் சந்தை கிடையாது. பாராவிலும் சுமத்ராவின் ரியாவிலும் சாண்டா குரூஸிலும் இப்படி ஒரு விதி வந்து, பத்து ஆண்டு வளையாமல் நின்றால், எரித்த நிலம் எரிக்காத நிலத்தைவிட அதிகம் விலைபோகும் சந்தை அங்கே இருக்காது.